சாட்சி சொன்ன ‘இருந்தாலும்’: நீதிமன்ற மொழிபெயர்ப்பில் ஆங்கில முரண் சொற்கள்

தென் மாவட்டங்களின் உரிமையியல் நீதிமன்றங்களில் தீர்ப்பாகி, மேல்முறையீடாகச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வரும் வழக்குகளின் தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுப்பது என் தொழில். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், உயில், புரோநோட்டு, வக்கீல் நோட்டீஸ், எல்லாவற்றையும்விட அதிகமாகச் சாட்சிகளின் வாக்குமூலம் என்று கட்டுக் கட்டாக வரும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நத்தம், புஞ்சை, அடங்கல், பாத்தியதை போன்ற சொற்களைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு நீதிமன்ற ஆங்கிலத்தில் நெடுங்காலமாகப் புழங்கும் சொற்கள் இருக்கின்றன. இல்லாதவற்றை ஒலிபெயர்த்தே எழுதிவிடலாம், படிக்கிறவர்களுக்குப் புரியும். கையை நிறுத்தி யோசிக்க வைப்பவை ‘ஆனால்’, ‘இருந்தாலும்’, ‘இருந்தும்’, ‘போதிலும்’ ஆகிய சின்னஞ்சிறு சொற்களே.

ஆங்கிலத்தில் இவற்றுக்கு எதிரே பட், யெட், தோ, ஆல்தோ, ஈவன் தோ, ஈவன் இஃப், டெஸ்பைட், ஹவ்எவர், வைல், வேர்ஆஸ், நாட்வித்ஸ்டாண்டிங் என்று ஒரு பட்டாளமே நிற்கிறது. இவையெல்லாம் ஏறக்குறைய ஒரே பொருளைத் தருபவை என்றும், ஒன்றையே திரும்பத் திரும்ப எழுதாமல் மாற்றி மாற்றி எழுதினால் நடைக்கு அழகு கூடும் என்றும் பள்ளியில் கற்றிருக்கிறோம். கட்டுரைப் போட்டிக்கு அந்தப் பாடம் உதவும், சாட்சியத்துக்கு உதவாது. சாட்சி ஆறு வாக்கியங்களில் ஆறு முறை ‘ஆனால்’ என்று சொல்லியிருந்தால் ஆங்கிலத்திலும் ஆறு ‘பட்’ இருப்பதே நேர்மை. வாக்கியத்தை ‘பட்’ என்று தொடங்கக் கூடாது என்பதும் ஆசிரியர்கள் வழியாகப் பரவிய ஒரு மூடநம்பிக்கைதான். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் அப்படித் தொடங்கும் வாக்கியங்கள் ஏராளம்.

நான் முதலில் சொல்ல விரும்புவது ‘ஆலும்’ பற்றி. தமிழில் ‘மழை பெய்தும் போனான்’ என்றால் மழை பெய்தது என்பதில் ஐயமில்லை. ‘மழை பெய்தாலும் போவான்’ என்றால் மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். ஆனால் ‘இருந்தாலும்’ என்ற வடிவம் இந்த இரண்டு வேலைகளையும் செய்கிறது. ‘அவர் பணக்காரராக இருந்தாலும் எளிமையானவர்’ என்று சொல்லும்போது அவர் பணக்காரர்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டோம். ‘அவர் அமைச்சராகவே இருந்தாலும் வரிசையில்தான் வர வேண்டும்’ என்னும்போது அவர் அமைச்சர் என்று நாம் சொல்லவில்லை. தமிழ் கேட்பவருக்கு இடம் பார்த்து விளங்கிவிடும் இந்த வேறுபாட்டை ஆங்கிலம் இரண்டு தனிச் சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. நடந்ததை ஒப்புக்கொண்டு பேசினால் ‘ஈவன் தோ’ அல்லது ‘ஆல்தோ’. ஒரு பேச்சுக்கு அப்படி வைத்துக்கொண்டு பேசினால் ‘ஈவன் இஃப்’. மொழிபெயர்ப்பவர் இரண்டில் ஒன்றை எடுத்தே தீர வேண்டும், நடுவில் நிற்க ஆங்கிலத்தில் இடமில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் புரோநோட்டு வழக்குகளில் கண்கூடாகப் பார்க்கலாம். குறுக்கு விசாரணையில் பிரதிவாதி இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “கையெழுத்து என்னுடையதாக இருந்தாலும் பணம் எதுவும் நான் வாங்கவில்லை.” இதை ‘ஈவன் தோ’ போட்டு எழுதினால் கையெழுத்தை அவர் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ‘ஈவன் இஃப்’ போட்டு எழுதினால் கையெழுத்து யாருடையது என்பது இன்னும் வழக்கில் இருக்கும் கேள்வி. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 118-ஆம் பிரிவில், புரோநோட்டு எழுதிக் கொடுக்கப்பட்டது உறுதியானால் அதற்கான மறுபயன், அதாவது அதற்கு ஈடாகக் கொடுத்த பணம், கைமாறியது என்றே அனுமானிக்கச் சொல்கிறது. இல்லை என்று காட்டும் பொறுப்பு அதன் பிறகு பிரதிவாதியின் தலையில் வந்து விழுகிறது. ஆக, இரண்டெழுத்து ‘இஃப்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘தோ’ வந்து உட்கார்ந்தால், அந்த மனிதர் தம் வாயால் சொல்லாத ஒன்றை மேல்முறையீட்டு நீதிபதி அவர் சொன்னதாகப் படிப்பார்.

என்ன செய்து முடிவெடுப்பது? அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் விடை வராது. முதலில் அவருடைய எதிர்வழக்குரையை, அதாவது வாதியின் வழக்குக்கு அவர் எழுத்தில் தந்த பதிலை, திறந்து பார்ப்பேன். ‘கையெழுத்து போலியானது’ என்று அதில் வாதிட்டிருந்தால், கூண்டில் நின்று அவர் சொன்ன ‘இருந்தாலும்’ ஒரு பேச்சுக்குச் சொன்னது என்று கொள்ளவே நியாயம் அதிகம். பிறகு அதே குறுக்கு விசாரணையின் முந்தைய வரிகளைப் பார்ப்பேன். நம் நீதிமன்றங்களில் குறுக்கு விசாரணைப் பதில்கள் ‘என்றால் சரிதான்’, ‘என்று சொன்னால் சரியல்ல’ என்ற அச்சில் வார்த்தே பதிவாகும். ‘அந்த ஆவணத்தில் காணும் கையெழுத்து என்னுடையது என்றால் சரிதான்’ என்று நான்கு வரிக்கு முன்னால் பதிவாகியிருந்தால் கதை முடிந்தது, ‘ஈவன் தோ’ என்று தயங்காமல் எழுதலாம். மூன்றாவதாக, பின்பாதியின் வினைமுற்றைப் பார்ப்பேன். ‘கடன் வாங்கியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்’ என்பதில் கொடுத்தது நடந்துவிட்டது, ஆகவே வாங்கியதும் நடந்ததே. ‘கடன் வாங்கியிருந்தாலும் இவ்வளவு வட்டிக்கு வாங்கியிருக்க மாட்டேன்’ என்பதில் ‘மாட்டேன்’ என்ற முடிவே முழு வாக்கியமும் அனுமானம் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எதிர்வழக்குரை எழுதும் வக்கீல்கள் இந்தக் குழி இருப்பதை நன்றாக அறிந்தவர்கள். அதனால்தான் ‘ஒப்புக்கொள்ளாமல், ஒரு வாதத்துக்காக அப்படியே வைத்துக்கொண்டாலும்’ என்று நீட்டி முழக்கி எழுதுகிறார்கள். ஆங்கிலத்திலும் அதற்கு நேரான ஒரு வாய்பாடு உண்டு: ‘ஈவன் அஸ்யூமிங் வித்அவுட் அட்மிட்டிங்’. படிப்பவருக்குச் சலிப்பூட்டும் சொற்றொடர்தான். இருந்தும் அதைச் சுருக்கி ‘ஆல்தோ’ என்று எழுதுகிற துணிச்சல் யாருக்கும் வரக் கூடாது.

‘இருந்தும்’, ‘அனுப்பியும்’, ‘கேட்டும்’ என்று ‘ஆல்’ இல்லாமல் வருகிற வடிவங்கள் இந்த வகையில் சாது. அவை நடந்ததைத்தான் சொல்லும். ஆகவே ‘ஆல்தோ’ அல்லது ‘டெஸ்பைட்’ என்று எழுதலாம். எனினும் இங்கே வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. ‘நோட்டீஸ் அனுப்பியும் பதில் இல்லை’ என்ற வாக்கியத்தை ‘டெஸ்பைட் நோட்டீஸ்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவது பலருக்கும் பழக்கம். ‘டெஸ்பைட்’ தனக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லையே கேட்கும், முழு வாக்கியத்தை ஏற்காது. அதனால் வினையைப் பெயராகச் சுருக்கும்போது யார் செய்தது, எதுவரை செய்தது என்ற விவரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. தமிழில் அனுப்பினார் என்றுதான் இருக்கிறது. பெற்றுக்கொண்டார் என்று இல்லை. பிரதிவாதி வராத நிலையில் வழங்கிய ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோரி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆம் கட்டளை 13-ஆம் விதியின்கீழ் மனு வரும்போது, அழைப்பாணை முறையாகச் சார்வு செய்யப்பட்டதா, அதாவது அவர் கையில் சேர்க்கப்பட்டதா என்பதே அங்கே முதல் கேள்வி. வக்கீல் நோட்டீஸ் விஷயத்திலும் அனுப்பியதும் கிடைத்ததும் வேறு வேறு சங்கதிகள். அத்தகைய இடங்களில் ‘ஆல்தோ’ போட்டு, எழுவாய், வினை எல்லாம் உள்ள முழு வாக்கியமாக எழுதுவது என் வழக்கம். வாக்கியம் நீளும். ஆனால் அனுப்பியவர் அனுப்பியவராகவே நிற்பார்.

அந்த ‘டெஸ்பைட்’ பற்றி இன்னும் ஒரு சொல். அதோடு ‘ஆஃப்’ சேராது. ‘இன் ஸ்பைட் ஆஃப்’ என்ற மூன்று சொல் தொடரில்தான் ‘ஆஃப்’ உண்டு. அந்தத் தொடரையும் மூன்று சொல்லாகவே பிரித்து எழுத வேண்டும், முதல் இரண்டையும் ஒட்டக் கூடாது. பொருளில் இரண்டும் ஒன்றுதான். இந்தப் பிழை நம் ஊர் மனுக்களில் வாரந்தோறும் கண்ணில் படுகிறது. பொருள் கெடாது, ஆனால் எழுதியவர் மேலுள்ள மதிப்புக் கெடும்.

‘பட்’டுக்கும் ‘ஆல்தோ’வுக்கும் உள்ள வேறுபாட்டை வக்கீல் குமாஸ்தா ஒருவர் என்னிடம் விடாமல் கேட்டார். “ரெண்டும் ஒண்ணுதானேக்கா? முன்னாடி போட்டா ஆல்தோ, நடுவுல போட்டா பட்.” இலக்கணப்படி அவர் சொன்னதில் தவறில்லை. எடைப்படி தவறு. ‘கையெழுத்து என்னுடையது. ஆனால் எழுதாத தாளில் போட்டேன்’ என்று சாட்சி சொன்னால் இரண்டு செய்திகள் தோளோடு தோள் நிற்கின்றன. இதை ‘ஆல்தோ’ போட்டு ஒரே வாக்கியமாக்கினால் முதல் செய்தி பின்னணிக்குப் போய், ‘எழுதாத தாள்’ என்பது மட்டும் மேடையேறிவிடும். ‘ஆல்தோ’வை இரண்டாம் பாதிக்கு மாற்றினால் கையெழுத்து மேடையேறும், தாள் முணுமுணுப்பாகும். வாதியின் வக்கீலுக்கு ஒன்று பிடிக்கும், பிரதிவாதியின் வக்கீலுக்கு மற்றொன்று பிடிக்கும். மொழிபெயர்ப்பவர் யாருக்கும் பிடித்ததைச் செய்யாமல் இருக்க ஒரே வழி, சாட்சி முற்றுப்புள்ளி வைத்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்து, ‘ஆனால்’ சொன்ன இடத்தில் ‘பட்’ போடுவது. வாக்கியங்களைச் சேர்ப்பதும் பிரிப்பதும் நடைத் திருத்தம் போலத் தோன்றினாலும், வாக்குமூலத்தில் அது சாட்சியத்தைத் திருத்துவதாகும் என்பது என் உறுதியான கருத்து.

‘ஹவ்எவர்’ என்ற சொல்லுக்கு இணைப்புச் சொல் உத்தியோகம் கிடையாது. இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளி மட்டும் போட்டு அதனால் ஒட்ட முடியாது. முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், பின்னால் காற்புள்ளி வேண்டும். பின்னால் வரும் காற்புள்ளி விட்டுப்போனால் பொருளே மாறி, ‘எவ்வளவு பழையதானாலும்’ என்பதில் வருகிற ‘எவ்வளவு’ ஆகிவிடும். இவை எந்த இலக்கண நூலிலும் கிடைக்கும் விவரங்கள். எனக்கு அந்தச் சொல்லில் பிடித்தது வேறு. அதை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைக்காமல் எழுவாய்க்கு அடுத்து இரண்டு காற்புள்ளிகளுக்கிடையே செருகினால், அந்த எழுவாயை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும். ‘முதல் பிரதிவாதி கையெழுத்திட்டார், இரண்டாம் பிரதிவாதியோ மறுத்துவிட்டார்’ என்பதில் வரும் நம் ‘ஓ’ இருக்கிறதே, அதற்கு ஆங்கிலத்தில் இவ்வளவு பொருத்தமான இருக்கை வேறெங்கும் கிடைக்கவில்லை. அந்த ‘ஓ’வை ஐயப் பொருளில் எடுத்துக்கொண்டு ‘பெர்ஹாப்ஸ்’ என்று எழுதியிருந்த ஒரு பழைய மொழிபெயர்ப்பு என் கையில் சரிபார்ப்புக்கு வந்ததுண்டு. மறுத்தவர் அதில் ‘ஒருவேளை மறுத்திருக்கலாம்’ என்றாகியிருந்தார்.

‘வைல்’ என்ற சொல்லை வாக்குமூலங்களில் நான் காலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். ‘வாதி சிங்கப்பூரில் இருந்தபோது பிரதிவாதி சுவர் எழுப்பினார்’ என்றால் ‘வைல்’. ‘வாதி சிங்கப்பூரில் இருக்கிறார், பிரதிவாதியோ ஊரிலேயே இருக்கிறார்’ என்ற ஒப்புநோக்குக்கும் ஆங்கிலத்தில் ‘வைல்’ வரலாம், நல்ல எழுத்தாளர்களே எழுதுகிறார்கள். ஆனால் சுவர் எப்போது எழும்பியது என்பதே வழக்காக இருக்கும்போது, காலத்தையும் முரணையும் ஒரே சொல்லில் குழப்பிக்கொள்ள நீதிமன்றத்தில் யாருக்கும் நேரமில்லை. ஒப்புநோக்குக்கு ‘வேர்ஆஸ்’ இருக்கிறது. அது இரண்டு பேரை அல்லது இரண்டு நிலங்களை அருகருகே வைத்து, இது இப்படி, அது அப்படி என்று காட்டும். ஒன்று இருந்தும் மற்றது நடந்தது என்ற ஏமாற்றமோ வியப்போ அதில் இல்லை. ஆகவே ‘பலமுறை கேட்டும் தரவில்லை’ என்பதற்கு ‘வேர்ஆஸ்’ ஒருபோதும் பொருந்தாது.

பத்திரங்களில் மட்டும் ‘வேர்ஆஸ்’ வேறு வேடம் போடுகிறது. ஆங்கிலக் கிரயப் பத்திரத்தின் முதல் பக்கத்தில், விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது என்ற வரலாறு தொடங்கும் ஒவ்வொரு பத்தியின் தலையிலும் பெரிய எழுத்தில் அது நிற்கும். அங்கே முரணும் இல்லை, மாறுபாடும் இல்லை. ‘பின்வரும் நிலைமை இருக்கின்றபடியால்’ என்பதுதான் பொருள். ஆங்கிலப் பத்திரத்தைத் தமிழாக்கும் வேலை வரும்போது அந்த இடத்தில் ‘ஆனால்’ என்றோ ‘அதேசமயம்’ என்றோ எழுதினால் விற்பவரின் உரிமையையே எதிர்த்துப் பேசுவது போல் ஆகும்.

இந்தப் பட்டாளத்தில் கனமானது ‘நாட்வித்ஸ்டாண்டிங்’. அன்றாடப் பேச்சில் அதற்கு இடமில்லை. சட்டத்தில் அது இல்லாமல் இயங்க முடியாது. இரண்டு விதிகள் மோதினால் எது வெல்லும் என்று முன்கூட்டியே தீர்ப்பளித்துவிடும் சொல் அது. ‘வேறெங்கே எது சொல்லப்பட்டிருந்தபோதிலும்’ என்று தொடங்கும் விதி மற்றதை வெல்லும். இதற்கு நேரெதிராக நிற்கும் தொடர் ‘சப்ஜெக்ட் டு’. அதைக் கொண்டு தொடங்கும் விதி மற்றதற்குத் தலைவணங்கும். புதிதாக வருகிறவர்கள் இவை இரண்டையும் ‘உட்பட்டு’ என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் ஆளும் விதி அடங்கும் விதியாகத் தலைகீழாகிவிடும்.

சொல்லப்போனால் என் பிழைப்பே இந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது. அரசமைப்பின் 343-ஆவது உறுப்பின் முதல் கூறு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்கிறது. இரண்டாம் கூறு ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று தொடங்கி, பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடரலாம் என்கிறது. அந்தப் பதினைந்து ஆண்டு 1965 ஜனவரி 26-இல் முடிந்தது. ஆங்கிலம் அதற்குப் பிறகும் தொடர வழி செய்த 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டத்தின் 3-ஆம் பிரிவும் ‘அந்தக் காலம் முடிந்துபோனபோதிலும்’ என்று அதே சொல்லைக் கொண்டே தொடங்குகிறது. அந்தப் பிரிவில் அடுத்து வந்த ‘மே’ என்ற துணைவினையைப் பற்றி (‘தொடரலாம்’ என்பதில் வரும் ‘லாம்’தான் அது) தமிழ்நாட்டில் எவ்வளவு சண்டை நடந்தது என்பது வேறு கதை. உயர் நீதிமன்றங்களின் நடவடிக்கைகள், நாடாளுமன்றம் வேறு விதமாகச் சட்டம் இயற்றும்வரை, ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டும் என்னும் 348-ஆவது உறுப்பும், முன்சொன்னவற்றில் எது இருந்தபோதிலும் என்றுதான் பேச்சைத் தொடங்குகிறது. கீழமை நீதிமன்றத்தில் சாட்சி தமிழில் பேசியதை மதுரையில் உட்கார்ந்து நான் ஆங்கிலத்தில் எழுதுவதற்குக் காரணம் அந்த வரிதான்.

ஆனால் அந்தச் சொல்லைச் சாட்சியின் வாயில் வைக்கக் கூடாது. ‘வயசானாலும் வயல் வேலைக்குப் போவேன்’ என்று ஒரு மூதாட்டி சொன்னதை ‘நாட்வித்ஸ்டாண்டிங் மை ஏஜ்’ என்று எழுதிய பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் அந்த அம்மா திடீரெனச் சட்டக் கல்லூரியில் படித்தவர் போலாகிவிட்டார். சொல்லிக் கொடுத்ததைத்தான் சாட்சி சொல்கிறார் என்று வாதிடுவதற்கு எதிர்த்தரப்புக்கு நாமே சாமான் எடுத்துக் கொடுத்தது போல் ஆகும். ‘நெவர்தலெஸ்’, ‘ஆல்பீயிட்’ ஆகியவற்றையும் இதே காரணத்துக்காகத்தான் வாக்குமூலத்திலிருந்து விலக்கி வைக்கிறேன். மனுக்களிலும் தீர்ப்புகளிலும் அவற்றுக்கு இடமுண்டு. ‘சிறிய பங்குக்கே ஆனாலும் அவர் கூட்டு உரிமையாளர்தான்’ என்று சுருங்கச் சொல்ல ‘ஆல்பீயிட்’ போல வசதியான சொல் இல்லை. மறுமுனையில், வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ‘தோ’ பேச்சுக்கு உரியது. மனுவில் வந்தால் வேட்டியோடு கோட்டுப் போட்டது போலிருக்கும்.

‘தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் மறுபடி ‘பட்’ போடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. ஒரு முரணுக்கு ஒரு சொல் போதும். ‘தோ’வோடு ‘யெட்’ சேர்ந்து வருவது மட்டும் பழைய ஆங்கிலத்தில் முறையான இணை. முன்பு சொன்ன விவிலியத்திலேயே யோபு நூலில் காணலாம், நம் பழைய பள்ளி இலக்கணங்களும் அதை இணையாகவே கற்பித்தன. இன்றைய ஆங்கிலத்தில் அதுவும் குறைந்துவிட்டது. மூத்த வக்கீல்களின் மனுவில் அது இருந்தால் நான் தொடுவதில்லை. என் சொந்த வாக்கியத்தில் எழுதுவதுமில்லை.

எல்லாம் பார்த்த பிறகும் சில ‘இருந்தாலும்’கள் பிடிகொடுப்பதில்லை. எதிர்வழக்குரை மௌனமாக இருக்கும், முந்தைய வரிகள் உதவாது, வினைமுற்றும் இரண்டு பக்கமும் சாயும். அத்தகைய இடத்தில் நானாக ஒரு பக்கம் சாய்ந்துவிட்டு உண்மையான மொழிபெயர்ப்பு என்று கடைசிப் பக்கத்தில் கையொப்பமிட மனம் ஒப்புவதில்லை. பொருத்தமாகத் தோன்றும் ஒரு சொல்லை எழுதி, அதன்மேல் எண்ணிட்டு, பக்கத்தின் அடியில் தமிழ் மூலத்தை அப்படியே தந்து, இது ‘ஈவன் தோ’ என்றும் ‘ஈவன் இஃப்’ என்றும் படிக்கத்தக்கது என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன். ஒரு வக்கீலுக்கு அந்தக் குறிப்பு சங்கடமாக இருந்தது. “நீங்களே சந்தேகம்னு எழுதிக் கொடுத்தா எப்படிம்மா?” என்று நீக்கச் சொன்னார். “நீக்கிடலாம் சார். ஆனா மூலம் எதிர்த்தரப்புகிட்டயும் இருக்கு, அவங்க படிச்சா இந்தக் கேள்வி எப்படியும் வரும்” என்றேன். சிறிது நேரம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குறிப்பின் எழுத்தை மட்டும் ஒரு அளவு சிறியதாக்கச் சொன்னார்.